தறிமேல் ஏறிய பெட்டி

ஆரணிப் பக்கம் பட்டு நெய்யும் வீட்டுக்குப் போனால் தறியை அண்ணாந்து பார்க்க வேண்டும். பாவும் அச்சும் நாடாவும் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. கரையில் ஓடும் மாங்காய், முந்தியில் நிற்கும் மயில், உடல் முழுக்கத் தெளித்த புட்டா இவையெல்லாம் எங்கே முடிவாகின்றன என்று தெரிய வேண்டுமானால், கூரையை ஒட்டித் தறியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். அதன் ஒரு பக்கத்தில் துளையிட்ட அட்டைகள் சரமாகக் கோக்கப்பட்டு மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அடியிலிருந்து நூற்றுக்கணக்கான நூல்கள் இறங்கிப் பாவுக்குள் போகும். காலில் மிதி விழும்போதெல்லாம் பெட்டி தடதடவென்று ஒருமுறை எழுந்து இறங்கும்.

இந்தப் பெட்டிக்கு வயது 200-ஐத் தாண்டிவிட்டது. பிறந்த ஊர் பிரான்சின் லியோன். அதன் கதையை ரோபோக்களின் கதையோடு சேர்த்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. இன்றைய ரோபோ ஆய்வுக்கூடங்களில் இரண்டு எண்ணங்கள் பெரிதாகப் பேசப்படுகின்றன. ஒன்று, துண்டு துண்டாகக் கழற்றி வேறு வடிவத்தில் சேர்த்துக்கொள்ளக்கூடிய இயந்திரம். மற்றொன்று, அதோடு வேலை செய்யும் மனிதரின் உடம்பையும் கவனத்தையும் முதல் கணக்காக வைத்துச் செய்யப்படும் இயந்திரம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். இயந்திரம் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது யார் வளைந்து கொடுப்பது? வீடா, மனிதரா, இயந்திரமா? பட்டுத் தறிமேல் ஏறிய இந்தப் பெட்டி அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ஊர் ஊராக வந்திருக்கிறது.

பெட்டி வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பயணம் புரியாது. பெட்டிக்குள் கொக்கிகள் செங்குத்தாக வரிசை கட்டி நிற்கின்றன. சிறிய பெட்டியில் 120, பெரியவற்றில் 240, 400 என்று இருக்கும். ஒவ்வொரு கொக்கியையும் படுக்கைவாட்டில் ஓர் ஊசி பிடித்திருக்கிறது. ஊசிகளின் முனைகள் பெட்டியின் ஒரு முகத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நெசவாளர் மிதியை மிதித்ததும், நாலு முகமும் துளையிட்ட ஒரு கட்டை ஓர் அட்டையைக் கொண்டுவந்து அந்த முனைகளின் மேல் அழுத்தும். அட்டையில் துளை இருக்கிற இடத்தில் ஊசி தாராளமாக உள்ளே போய்விடும். அதன் கொக்கி அசையாமல் நிற்கும். மேலே எழும் கத்திச் சட்டம் அந்தக் கொக்கியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும், ஊசி கொக்கியைச் சாய்க்கும், கத்தி அதைத் தொடாமல் மேலே போய்விடும். தூக்கிய கொக்கிகளில் கட்டிய நூல்கள் கீழே பாவில் உரிய இழைகளை மட்டும் உயர்த்தும். திறந்த அந்த வாய்க்குள் ஜரிகை ஓடும். மிதியை விட்டதும் கட்டை கால் சுற்றுத் திரும்பி அடுத்த அட்டையை முன்னால் நிறுத்தும்.

ஆக, ஓர் ஊடைக்கு, அதாவது ஒரு குறுக்கு இழைக்கு, ஓர் அட்டை. அங்குலத்துக்கு 60 ஊடை விழும் துணியில் 10 அங்குல உயரத்துக்கு ஒரு மயில் வேண்டுமென்றால் 600 அட்டைகள் வேண்டும். ஓவியர் மயிலைக் கட்டம் போட்ட தாளில் வரைகிறார். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். அட்டை அடிப்பவர் அந்தத் தாளை வரி வரியாகப் படித்து, நிறம் தீட்டிய கட்டத்துக்குத் துளை போட்டு, வெறும் கட்டத்தை விட்டுவிட்டுப் போகிறார். பிறகு அட்டைகள் வரிசை மாறாமல் கயிற்றால் கோக்கப்படுகின்றன. மயில் வேண்டாம், அன்னம் போதும் என்றால் பாவை அறுக்க வேண்டியதில்லை, பெட்டியையும் தொட வேண்டியதில்லை. சரத்தைக் கழற்றி வேறு சரத்தை மாட்டினால் போதும். ஓர் அட்டை கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் அடித்துச் செருகலாம்.

லியோனில் இது பிறப்பதற்கு முன்னால் அட்டையின் வேலையைச் செய்தது மனிதர்கள், பெரும்பாலும் சிறுவர்களும் பெண்களும். நெசவாளர் தறியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நிற்கும் உதவியாள், எந்த ஊடைக்கு எந்த நூல்களை இழுக்க வேண்டும் என்று முன்பே கட்டி வைத்த கற்றைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பாவின் பாரம் முழுக்க அந்தக் கைகளில் இறங்கும். நாள் முழுக்க, பூ முடியும் வரைக்கும்.

அந்தக் கைகளுக்கு மாற்றுத் தேடியவர்கள் பலர். 1725-இல் பசீல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்தினார். இரண்டு மூன்று ஆண்டுகளில் ழான்-பத்தீஸ்த் ஃபால்கோன் சுருளை வெட்டித் தனித்தனி அட்டைகளாக்கிக் கோத்தார். சிறிய மாற்றம்போலத் தெரிகிறது. என் கணிப்பில் இந்தக் கதையின் மிகப் பெரிய திருப்பம் அதுதான். சுருளில் ஒரு பிழை என்றால் சுருளே வீண். அட்டையில் பிழை என்றால் அட்டை மட்டும் வீண்.

மூன்றாமவர் ழாக் தெ வோக்கான்சோன். புல்லாங்குழல் வாசிக்கும் ஆளுயரப் பொம்மையை 1738-இல் பாரீசில் காட்டியவர். தானியம் கொத்தும் இயந்திர வாத்தைச் செய்தவர். ரோபோக்களின் முன்னோர் என்று சொல்லத் தகுந்தவை அவர் கையிலிருந்து வந்தன. 1741-இல் அரசு அவரைப் பட்டுத் தொழிலின் ஆய்வாளராக்கியது. அவர் கொண்டுவந்த விதிகளை எதிர்த்து 1744-இல் லியோனில் கலவரம் வெடித்தது; ஊரைவிட்டே அவர் தப்பி ஓட வேண்டியிருந்தது. அதற்கடுத்து அவர் செய்த தறி, நெசவாளரின் வேலை முழுவதையும் தானே செய்துவிட முயன்றது. மேதையின் வேலை அது, சந்தேகமில்லை. ஆனால் நெசவாளர் யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பாரீஸ் அருங்காட்சியகத்துக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது.

ஜோசப் மாரி ஜக்கார் 1752-இல் லியோனில், நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் தறியில் நூல் இழுத்தவர் என்று சொல்லப்படுகிறது. வோக்கான்சோனின் தறியைப் பாரீசில் பார்த்து, பூஷோனின் ஊசியையும் ஃபால்கோனின் அட்டைச் சரத்தையும் சேர்த்து, 1804-இல் ஒரு பொறியாக்கினார். வோக்கான்சோன் போலத் தறியையே மாற்றப் போகவில்லை. இருக்கிற தறியின் தலைமேல் வைக்கக்கூடிய ஒரு பெட்டியைக் கொடுத்தார். நெசவாளரின் கை, கண், நாடா, அச்சு எல்லாம் அவரவரிடமே இருந்தன. பெட்டி எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வேலையை, நூல் இழுக்கும் வேலையை. 1805-இல் நெப்போலியன் லியோனுக்கு வந்து பார்த்தார். பொறி பொதுச் சொத்தாக்கப்பட்டது. ஜக்காருக்கு ஓய்வூதியமும் தறிக்கு இவ்வளவு என்று உரிமைத் தொகையும் கிடைத்தன. நூல் இழுத்தவர்கள் வேலை இழந்தார்கள். கோபம் கொண்டவர்கள் பெட்டிகளை உடைத்து எரித்த கதைகளும் உண்டு. ஆனாலும் பெட்டி பரவியது.

பரவியபோது வீடு வளைந்து கொடுத்தது. லியோனின் க்ருவா-ரூஸ் குன்றில் 19-ஆம் நூற்றாண்டில் நெசவாளர்களுக்கென்றே எழுந்த அடுக்குமாடிகளின் அறைகள் சுமார் 4 மீட்டர் உயரம். பெட்டி ஏறிய தறி நிற்க அவ்வளவு உயரம் தேவைப்பட்டது. பெரிய ஜன்னல்கள், கனமான மர உத்தரங்கள், பாதி உயரத்தில் பலகை அடித்துக் குடும்பம் படுத்துக்கொள்ள ஒரு பரண். இயந்திரத்துக்கு ஏற்ற வீடு கட்டுவது நம் காலத்துச் சிந்தனை என்று நினைப்பவர்கள் அந்தக் குன்றை ஒருமுறை பார்க்கலாம்.

அட்டை பெட்டியைப் பிரிந்து தனியாகவும் பயணம் போனது. 1839-இல் ஜக்காரின் உருவப் படத்தையே 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்தார்கள். அதன் ஒரு பிரதியை லண்டனில் சார்லஸ் பாபேஜ் வீட்டில் மாட்டி வைத்திருந்தார். தன் கணிப்பு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க அவர் திட்டமிட்டதும் இதே அட்டைச் சரத்தைத்தான். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணினார். அங்கிருந்து கணினி வரை வந்த பாதை பலரும் எழுதியது, இங்கே நீட்ட வேண்டாம். பெட்டி எங்கே போனது என்பதைத்தான் குறைவாக எழுதியிருக்கிறார்கள்.

அது இந்தியாவுக்கு வந்தது. இங்கே அதற்கு முன்பே ஒரு பாடம் நடந்திருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை மாகாண அரசுக்காக ஆல்ஃபிரட் சாட்டர்டன் சேலத்தில் ஒரு நெசவாலை நடத்திப் பார்த்தார். கயிற்றை இழுத்தால் நாடா ஓடும் விசைநாடாத் தறிகளை ஒரே கூரையின் கீழ் வைத்து, நெசவாளர்களை அங்கே வரவழைக்கும் திட்டம். நெசவாளர்கள் வீட்டைவிட்டு வர விரும்பவில்லை. ஆலை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆனால் விசைநாடா மட்டும் வீட்டுத் தறிகளில் ஏறி மாகாணம் முழுக்கப் பரவியது. முழுதாக வந்தது திரும்பிப் போனது. உறுப்பாக வந்தது தங்கியது. ஜக்கார்டு பெட்டிக்கும் அதுவே நடந்தது. அது உறுப்பாக வந்து குழித்தறியின் மேல் ஏறிக்கொண்டது.

ஆரணி கமண்டல நாகநதிக் கரையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அரிசி ஆலைகளும் பட்டுத் தறிகளும் சேர்ந்து வளர்த்த ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. தேவிகாபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றுக் கிராமங்களிலும் தறி ஓடுகிறது. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. சாயம் தோய்ப்பவர் ஒருவர், பாவு ஓடுபவர் ஒருவர், முடிந்த பாவின் வாலோடு புதுப் பாவைப் பிணைப்பவர் ஒருவர், அச்சுக் கட்டுபவர் வேறொருவர். தறி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் பல கைகளிலிருந்து வந்து சேர்ந்த உறுப்புகளின் கூட்டு. எதையும் தனியாகக் கழற்றலாம், தனியாகச் செப்பனிடலாம், பக்கத்துத் தெருவிலேயே மாற்று வாங்கலாம். அந்தக் கூட்டுக்குள் பெட்டியும் ஓர் உறுப்பாகச் சேர்ந்ததால்தான், பொறியியல் படிக்காத குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதை ஓட்ட முடிந்திருக்கிறது.

இங்கேயும் வீடு கொஞ்சம் வளைந்தது. தாழ்ந்த ஓட்டுக்கூரைக்குள் பெட்டி நிற்காது. குழித்தறி இங்கே ஒரு பெரிய உதவி செய்தது. நெசவாளரின் கால்கள் தரைக்குக் கீழே குழியில் இருப்பதால் தறியே தாழ்ந்து உட்காருகிறது. மேலே அவ்வளவு இடம் மிச்சமாகிறது. லியோனில் கூரையை உயர்த்தினார்கள். இங்கே தரையில் ஏற்கெனவே தோண்டி வைத்திருந்த குழி பாதி வேலையைப் பார்த்துக்கொண்டது. அப்படியும் புது வீடு கட்டும் நெசவாளர் தறி நிற்கும் அறையின் உயரத்தைத்தான் முதலில் கணக்குப் பார்க்கிறார். வீட்டு வசதித் திட்டம் வரைபவர்கள் இதை மறந்தால், கட்டிக் கொடுத்த வீட்டில் பெட்டிக்கு இடமிருக்காது.

மிச்ச வளைவு மனிதர் மேல் விழுந்தது. பெட்டியின் கத்திச் சட்டத்தை உயர்த்துவது நெசவாளரின் கால். தூக்கப்படும் கொக்கிகள், அவற்றில் தொங்கும் நூல்கள், நூல்களை நேராக இழுத்துப் பிடிக்கும் எடைகள், பாவின் இழுவை எல்லாம் சேர்ந்து ஒரு மிதியில் இறங்குகின்றன. ஆறு கஜச் சேலை 216 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்றால், கரை முழுக்கப் பெட்டியில் ஓடும் சேலைக்கு மிதி 13,000 முறையை நெருங்குகிறது. கொக்கிகள் கூடக் கூட வடிவமைப்பு நுணுக்கமாகிறது, பாரமும் கூடுகிறது. கடையில் சேலையை விரித்துக் கரையின் செழிப்பைப் பார்க்கும் யாருக்கும் இந்தக் கணக்கு தெரிவதில்லை. முழங்காலுக்கும் இடுப்புக்கும் தெரியும்.

இன்னொரு பாரமும் உண்டு, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. நூல் இழுக்கும் பிள்ளையை லியோனில் பெட்டி விடுவித்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். நம் பட்டுத் தறிகளில் கோர்வை என்றொரு நுட்பம் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் ஊடைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். மூன்று நாடா ஓடும். தறியின் மறுபக்கம் நாடாவை வாங்கித் திருப்பி எறிய இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. தறிமேல் பெட்டி இருந்தும் பிள்ளை தறியடியிலேயே இருந்தது. பெட்டி ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. பக்கத்து வேலையை அது பார்க்கவே இல்லை. சட்டமும் பள்ளியும் அதற்காக அலைந்தவர்களும்தான் அந்தப் பிள்ளைகளை எழுப்ப வேண்டியிருந்தது.

இனி ரோபோக்களிடம் வருகிறேன். துண்டுகளைச் சேர்த்து ரோபோ செய்யும் எண்ணத்தை 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் தொஷியோ ஃபுகுதா முன்வைத்தார். உயிரணுக்கள் போலத் தனித்தனி அலகுகள், தேவைக்கேற்பச் சேர்ந்து பிரியும். 1990-களில் அமெரிக்காவின் மார்க் யிம் ஒரே மாதிரியான அலகுகளைக் கோத்துப் பாம்பாக ஊரவும், வளையமாக உருளவும், கால் முளைத்து நடக்கவும் வைத்தார். இந்தத் துறை மூன்று வாக்குகளைக் கொடுத்தது: ஒரே இயந்திரம் பல வேலை செய்யும், ஓர் அலகு கெட்டால் மாற்றிக்கொள்ளலாம், ஒரே மாதிரி அலகுகளை நிறையச் செய்வதால் விலை குறையும். முதல் இரண்டும் ஆய்வுக்கூடத்தில் நிறைவேறின. மூன்றாவது இன்னும் கைகூடவில்லை. ஒவ்வொரு அலகுக்குள்ளும் மோட்டார், மின்கலம், இணைப்புப் பூட்டு என்று வைக்கும்போது விலை ஏறிவிடுகிறது.

இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் நெருங்கிய ஒருவரின் பாதையைப் பார்க்கலாம். மோகன் ராஜேஷ் எலரா கோயம்புத்தூரில் அமிர்தா பொறியியல் கல்லூரியில் படித்து 2003-இல் பட்டம் பெற்றவர். சிங்கப்பூர் போய் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலையும், 2012-இல் முனைவர் பட்டமும் முடித்து, சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அவருடைய தொடக்க கால ஆய்வு கால்பந்து ஆடும் மனித உருவ ரோபோக்களைப் பற்றியது. அதில் அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு ரோபோவை மனிதர் எவ்வளவு நேரம் கவனிக்காமல் விடலாம்? அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கியிருந்த இந்தக் கணக்கை எலராவும் கூட்டாளிகளும் விரித்தார்கள். ரோபோ தேவையில்லாமல் கூப்பிட்டு மனிதரின் கவனத்தைத் தின்னும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். இயந்திரத்தின் திறமையை இயந்திரத்தில் அளக்காமல், அது மனிதரிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று அளக்கும் முறை இது. தறிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. பெட்டியில் ஓர் அட்டை நகர மறுத்தால் தறி நிற்கிறது, ஏறிப் பார்க்க வேண்டும். நல்ல பெட்டி என்று அவர்கள் சொல்வது தன்னை மறக்க விடும் பெட்டியைத்தான்.

அடுத்து எலராவின் குழு எடுத்த கேள்வி வீட்டைப் பற்றியது. ரோபோவை மேலும் மேலும் புத்திசாலியாக்குவதற்குப் பதில், அது புழங்கும் இடத்தை அதற்கேற்ப வடிவமைத்தால் என்ன? 2013 வாக்கில் இதற்கான வடிவமைப்பு நெறிகளை எழுதினார்கள். நாற்காலிக் கால்களின் இடைவெளி, தரையின் நிறம், கம்பளத்தின் விளிம்பு இவையெல்லாம் தரை துடைக்கும் ரோபோவுக்கு உதவுகின்றனவா, தடுக்கின்றனவா என்று பார்த்தார்கள். க்ருவா-ரூஸ் கட்டடக்காரர்கள் செய்த அதே வேலை.

பிறகு அதே குழு எதிர்ப்பக்கம் திரும்பியது. வீடு வளையாவிட்டால் இயந்திரம் வளையட்டும். அப்படி வந்ததுதான் எச்டெட்ரோ. பெயர் டெட்ரிஸ் விளையாட்டிலிருந்து எடுத்தது. 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய, விழும் துண்டுகளை அடுக்கும் விளையாட்டு. நான்கு சதுரப் பெட்டிகள், மூன்று கீல்கள், கீல்களைத் திருப்பும் மோட்டார்கள். கீல்கள் திரும்பும்போது நான்கு சதுரங்களும் நீளக் கோடாகவோ, ஒரே சதுரமாகவோ, ‘எல்’ வடிவிலோ மாறும்; டெட்ரிஸின் ஏழு வடிவங்களும் கிடைக்கும். வட்ட வடிவத் துப்புரவு ரோபோ போக முடியாத மூலைக்கும், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்துக்கும் இது உடம்பை மாற்றிக்கொண்டு போகும். எந்த இடத்தில் எந்த வடிவம் எடுத்தால் தரை முழுவதும் மூடும் என்பதைச் சதுரத் துண்டுகளால் தளம் பாவும் கணிதம் கொண்டு திட்டமிட்டார்கள். பிரபாகரன் வீரஜெகதீஸ்வர் முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை 2017-இல் சிங்கப்பூரில் நடந்த பன்னாட்டு ரோபோ மாநாட்டில் வந்தது. பிறகு அதே எண்ணம் படிக்கட்டு ஏறிச் சுத்தம் செய்யும் எஸ்டெட்ரோவாகவும், நடைபாதைக்கேற்ப அகலத்தை மாற்றிக்கொள்ளும் பாந்தெராவாகவும் கிளைத்தது. இங்கே அலகுகள் விண்ணைத் தொடும் கனவோடு சேரவில்லை. ஒரு தரையைத் துடைக்கச் சேர்ந்தன. அதனால்தான் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வர முடிந்தது என்று நான் எண்ணுகிறேன்.

2018-இல் இருவரோடு சேர்ந்து எலரா தொடங்கிய லயன்ஸ்பாட் நிறுவனம் பொது இடங்களுக்கான துப்புரவு ரோபோக்களைச் செய்கிறது. அந்த ரோபோக்கள் கண் சிமிட்டும், பாடும், பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லும். வழிப்போக்கர்களுக்கு வேடிக்கையாகத் தெரியும் இதற்குள் ஓர் அக்கறை இருக்கிறது. சிங்கப்பூரில் துப்புரவு வேலை செய்பவர்களில் வயதானவர்கள் நிறைய. குனிந்து தள்ளும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட்டு அதை மேற்பார்க்கும் ஆளாக அவர்கள் மாறும்போது, யாரும் ஏறிட்டுப் பார்க்காத வேலைக்கு ஒரு முகம் கிடைக்கிறது.

ஆரணிக்குத் திரும்புகிறேன். பெட்டியின் அடுத்த பிறவி வந்துவிட்டது. 1983-இல் பிரிட்டனின் போனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டைக் காட்டியது. அட்டைக்குப் பதில் மின்காந்தம் கொக்கியைப் பிடிக்கும் அல்லது விடும். வடிவமைப்பு ஒரு கோப்பாக உள்ளே போகும். இப்போது தமிழ்நாட்டுப் பட்டுத் தறிகளிலும் இது ஏறத் தொடங்கியிருக்கிறது. பலன்கள் உண்மையானவை. ஆயிரக்கணக்கில் அட்டை அடிக்க ஆகும் செலவும் நாளும் மிச்சம். மழைக்காலத்தில் அட்டை ஊதுவதில்லை, எலி கடிப்பதில்லை. நேற்று வரைந்த முந்தியை இன்று நெய்து பார்க்கலாம்.

இழப்புகளும் உண்மையானவை. அட்டை அடிப்பவரின் பிழைப்பு சுருங்குகிறது. கட்டம் போட்ட தாளைப் பார்த்தே துணியில் அது எப்படி விழும் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அந்த அறிவைக் கணினி வடிவமைப்புக்கு அழைத்துக்கொள்ளாமல் விட்டால் தொழிலுக்கே நட்டம். பழைய பெட்டியை நெசவாளர் தானே திறந்து வளைந்த ஊசியை நிமிர்த்துவார். புதுப் பெட்டியில் ஒரு சுற்றுப்பலகை எரிந்தால் வெளியூர் ஆளுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நாள்களுக்குக் கூலி இல்லை. எலரா விரித்த அளவுகோலால் அளந்தால், கவனிக்காமல் விடக்கூடிய நேரம் கூடியிருக்கிறது. ஆனால் கவனிக்க வேண்டி வரும்போது அது நெசவாளரின் கையை மீறிப் போய்விடுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது மிதி. அட்டையை எடுத்துவிட்டு மின்காந்தம் வைத்தாலும், கத்திச் சட்டத்தைத் தூக்குவது பல தறிகளில் இன்னும் காலே. சிறு மோட்டாரோ காற்றழுத்தமோ வைத்து அதை மட்டும் தூக்கலாம். அப்படிப்பட்ட பொறிகள் இருக்கின்றன. அங்கே வேறொரு தயக்கம் குறுக்கே நிற்கிறது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கரை வைத்த சேலை உள்ளிட்ட சில துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது. விசைத்தறியின் வெள்ளத்தில் கைத்தறிக்கு இருக்கும் முக்கியமான அணை அது. தறியில் மோட்டார் ஏறினால் அது கைத்தறிதானா என்ற கேள்வி பல ஆண்டுகளாக விவாதத்தில் இருக்கிறது. நெசவாளர் அமைப்புகளின் அச்சம் நியாயமானது. ஒரு வாசல் திறந்தால் விசைத்தறி முழுதாக நுழைந்துவிடும். ஆனால் ஊடையைப் போடும் கையை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளும் மோட்டார் வேறு, நாடாவையே ஓட்டும் மோட்டார் வேறு. மோட்டார் இருக்கிறதா என்று கேட்பதைவிட அது எந்த வேலையை எடுத்துக்கொண்டது என்று சட்டம் கேட்டால் நெசவாளரின் முழங்காலும் பிழைக்கும், கைத்தறியும் பிழைக்கும்.

இப்படி ஒரே ஒரு வலியைக் குறிவைத்துத் தொடங்கியவர் தென்னிந்தியாவிலேயே இருக்கிறார். தெலங்கானாவின் ஆலேர் பகுதியைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், போச்சம்பள்ளிச் சேலைக்கு ‘ஆசு’ என்னும் முறையில் நூல் சுற்றிய தன் தாய் லட்சுமியின் தோள் வலியைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். ஒரு சேலைக்குச் சுமார் 9,000 முறை கை அரைவட்டத்தில் போய் வர வேண்டும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவர், ஏழெட்டு ஆண்டு முயன்று 1999-இல் அந்தக் கை அசைவை மட்டும் செய்யும் பொறியை முடித்தார். தாயின் பெயரையே அதற்கு வைத்தார். 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தறியை அவர் தொடவில்லை. தறிக்கு முந்தைய ஒரு வேலையைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்.

ஆரணியில் அதே போன்ற வேலைக்கு ஆளும் இடமும் இருக்கின்றன. ஊரை ஒட்டியே தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இயந்திரவியல் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்காக ரோபோ செய்ய விரும்பினால், முதல் பருவத்தை ஒரு குழித்தறிக்குள் செலவிடலாம். மிதிக்கு அடியில் ஒரு விசை உணரியை வைத்து, 120 கொக்கிப் பெட்டிக்கும் 240 கொக்கிப் பெட்டிக்கும் ஒரு மிதிக்கு எத்தனை கிலோ இறங்குகிறது, காலையில் எவ்வளவு, மாலையில் கால் ஓய்ந்த பிறகு எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். எதிர்எடையை நகர்த்தினால் எவ்வளவு குறைகிறது, மோட்டார் தேவையே இல்லாமல் நெம்புகோலை மாற்றியே பாதி பாரத்தைக் குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் மோட்டார் வேண்டுமென்றால், அது தறியிலிருந்து நாலு திருகாணியில் கழன்று வர வேண்டும். மின்சாரம் போனால் பழையபடி காலால் ஓட்ட வழி இருக்க வேண்டும். உதிரிப் பாகங்கள் ஆரணிக் கடைத்தெருவிலேயே கிடைக்க வேண்டும். கோர்வைத் தறியில் மறுபக்கம் உட்காரும் ஆளின் வேலைக்கு என்ன செய்யலாம் என்பது அதற்கடுத்த திட்டம். அது இன்னும் கடினமானது. இரண்டு மூன்று தொகுதி மாணவர்கள் தொடர்ந்து உழைக்க வேண்டியிருக்கும்.